சேலை கார்டைக் கழற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புது மோட்டார் சைக்கிள் வாங்கிய கையோடு, அழகைக் கெடுக்கிறது என்று, பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சேலை கார்டைக் கழற்றிவிட்டு வேறு அலங்காரங்களைப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் பரவிவருவது மிகுந்த கவலையளிக்கிறது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும், பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் இருந்தாக வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி கூறுகிறது. ஒருபக்கமாக அமர்ந்து வரும் பெண்ணின் முந்தானையோ துப்பட்டாவோ சுழலும் சக்கரத்தில் சிக்கினால், ஓட்டுபவர் பிரேக் பிடிப்பதற்குள் அந்தப் பெண் கீழே இழுக்கப்பட்டுவிடுவார். கழுத்தைச் சுற்றிய துப்பட்டா என்றால் உயிருக்கே ஆபத்து.

கூடுதல் விளக்குகளிலும் இதே அலட்சியம்தான். 12 வோல்ட் பேட்டரியில் 60 வாட் விளக்கு 5 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். அதற்கு ரிலே என்னும் மின்காந்த சுவிட்சும் தனி ஃபியூஸும் வைக்காமல், ஹெட்லைட் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, வயர் இழுபடுகிறதா என்று பார்ப்பவர்கள்கூடக் குறைவு.

சத்தம் போடும் சைலன்சரை நிறுத்திச் சோதிக்கும் போக்குவரத்துக் காவலர்கள் சேலை கார்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டாலும் அதைக் கழற்றித் தர விற்பனையகங்கள் மறுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை