விண்ணப்பம் கேட்காத கவுன்சில்: இங்கிலாந்தின் பொதுச் சுகாதார இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீடு தேடி வந்து பார்க்கும் செவிலியரான ஹெல்த் விசிட்டரின் சேவை 2015 அக்டோபரில் உங்கள் கவுன்சில்களிடம் (உள்ளாட்சி மன்றங்களிடம்) வந்து சேர்ந்தது. 1974 வரை அது கவுன்சில்களிடம்தான் இருந்தது. அன்று உங்கள் நாற்காலியில் இருந்தவர் மெடிக்கல் ஆபீசர் ஆஃப் ஹெல்த், கவுன்சிலின் சுகாதாரத் தலைமை மருத்துவர். விண்ணப்பத்துக்குக் காத்திராமல் தானே தேடிப் போன அவருடைய வழக்கத்தை உங்களிடம் கேட்டு வாங்கவே இதை எழுதுகிறேன்.

குழந்தை பிறந்த 36 மணி நேரத்துக்குள் அவருக்குத் தகவல் போயாக வேண்டும். 1907இல் வந்த சட்டம் 1915இல் நாடெங்கும் கட்டாயமானது. அந்தத் தகவலை வைத்துக்கொண்டு ஹெல்த் விசிட்டர் வீடு தேடிப் போனார். தாய் எந்தப் படிவமும் நிரப்பவில்லை. 1948 ஜூலையில் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபோது மருத்துவமனைகள் கவுன்சில்களின் கையை விட்டுப் போயின. தாய்சேய் நலம், மிட்வைஃப், ஹெல்த் விசிட்டர் மூன்றும் கவுன்சில்களிடமே தங்கின. சர்ச் ஹாலில் தராசு வைத்துக் குழந்தைகளை எடை போட்டார்கள். வேண்டிய வீட்டுக்குச் சமைக்கவும் துவைக்கவும் ஆள் அனுப்பக்கூட சுகாதாரச் சேவைச் சட்டம் கவுன்சிலுக்கு அதிகாரம் தந்தது. பிள்ளைப்பேறு பார்க்க ஊரிலிருந்து அம்மா வர விசா கிடைக்காத தமிழ்ப் பெண்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எல்லாம் பொற்காலம் என்று சொல்லவில்லை. குடும்ப டாக்டர் ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம், கவுன்சில் ஒரு பக்கம் என்று ஒரே கர்ப்பிணியை மூவரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸில் 1945இல் ஆயிரத்துக்குச் சுமார் 46 ஆக இருந்த சிசு மரணம் 1960இல் 22 அளவுக்கு இறங்கியதற்குப் பென்சிலினும் நல்ல வீடும் சம்பளமும்கூடக் காரணம்.

ஆனால் ஆரஞ்சு ஜூஸ் கதையைக் கவனியுங்கள். போர்க்காலத்தில் தொடங்கிய நலவுணவுத் திட்டத்தில் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் பால், ஆரஞ்சு ஜூஸ், மீன் எண்ணெய் மலிவாகவோ இலவசமாகவோ கிடைத்தன. கர்ப்பிணிக்குப் பச்சை நிற ரேஷன் புத்தகம். மீன் எண்ணெயை யாரும் விரும்பி வாங்கவில்லை, அதன் வாடை அப்படி. ஜூஸுக்கு நல்ல வரவேற்பு. 1961இல் சுகாதார அமைச்சர் ஈனோக் பவல் (ஆம், பின்னால் குடியேற்றத்துக்கு எதிராகப் பேசிப் பெயர் போன அவரேதான்) மானியத்தை எடுத்துவிட்டு அடக்க விலைக்கு விற்க வைத்தார். வாங்குவோர் மளமளவென்று குறைந்தார்கள். தாய்மாருக்கு அக்கறை போய்விட்டதா என்ன? நடுவில் ஒரு தடையை வைத்தால் முதலில் கழன்றுகொள்வது அதிகம் தேவைப்பட்டவர்கள்தான்.

இன்றைய தடை பணமாக இருக்க வேண்டியதில்லை. நலவுணவுத் திட்டத்துக்குப் பதிலாக 2006இல் வந்தது ஹெல்தி ஸ்டார்ட்; வருமானம் குறைந்த கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளும் பால், பழம், காய்கறி வாங்க உதவும் திட்டம் அது. அதற்குத் தாயே விண்ணப்பிக்க வேண்டும். ஆங்கிலம் திணறும் பெண்களோடு உட்கார்ந்து அதை நிரப்பிக் கொடுப்பவள் நான். உரிமை இருந்தும் பெயரே கேள்விப்படாதவர்களைப் பார்க்கிறேன். அதை நடத்துவது மத்திய அரசு, சரி. ஆனால் எந்தெந்த வீட்டில் வருமானம் குறைவு என்ற விவரத்தில் ஒரு பகுதி உங்கள் கவுன்சில் வரி அலுவலகத்திலேயே இருக்கிறதே. அதை வைத்து அந்த வீடுகளுக்கு நீங்களே எழுதலாம்.

இன்னொன்று. பிறப்புத் தகவல் இன்றும் 36 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பதுதான் சட்டம். தகவல் வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு போகும் ஆட்கள்தான் 2015க்குப் பின் வெகுவாகக் குறைந்துபோனார்கள். கர்ப்பகாலம் முதல் இரண்டரை வயதுக்குள் ஐந்து முறை பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஐந்தில் எத்தனை வீட்டுக்குப் போய்ப் பார்த்தவை, எத்தனை போனிலேயே முடிந்தவை, எத்தனை நடக்கவே இல்லை என்று வார்டு வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். பழைய மெடிக்கல் ஆபீசர்கள் ஒவ்வோர் ஆண்டும் வீட்டு வருகைக் கணக்கை அறிக்கையில் அச்சிட்டார்கள். லண்டன் அறிக்கைகளை இணையத்திலேயே படிக்கலாம்.

இப்படிக்கு,
லண்டனிலிருந்து ஒரு தன்னார்வலர்