நீலத்தைத் தேடும் முன் சரிவை அளவிடுங்கள்

ஜம்மு காஷ்மீர் அரசின் நிலவியல், சுரங்கத் துறையினருக்கு வணக்கம்.

உலகம் ‘காஷ்மீர் நீலம்’ என்று அழைக்கும் நீலமணிக்கல், காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் விளைவதன்று. வடக்கே லடாக்கின் சான்ஸ்காரும் தென்கிழக்கே இமாச்சலத்தின் பாங்கியும் எல்லையாக அமைந்த கிஷ்த்வார் மாவட்டத்துப் பாடர் பகுதியில், சும்சாம் என்னும் சிற்றூருக்கு மேலே, சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் அது கிடைக்கிறது. அங்கே ஆண்டின் பெரும்பகுதி பனி மூடியிருக்கும். கோடையில் இரண்டு மூன்று மாதங்களே மண்ணைத் தொட முடியும். அச்சுரங்கத்தை மீண்டும் முழு அளவில் இயக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுவதால் இம்மடலை எழுதுகிறேன்.

பெரும்படிகங்கள் கொண்ட பெக்மடைட் பாறையாக உறையும் பாறைக்குழம்பு, சிலிக்கா குறைந்த பாறைக்குள் புகுந்து, தன் சிலிக்காவை அதனிடம் இழந்தபோது, மிஞ்சிய அலுமினியம் குருந்தம் என்னும் கனிமமாகப் படிகமாயிற்று; அதன் நீல வகையே இந்தக் கல். (ஆங்கிலத்தில் அக்கனிமத்துக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே தமிழின் குருந்தத்திலிருந்து சென்றது என்பதால், இக்கல்லின் மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு.) படிகங்களைச் சூழ்ந்திருந்த பெல்ஸ்பார் என்னும் கனிமம் வெண்களிமண்ணாக நொய்ந்துபோனதால் அவற்றைப் பிரித்தெடுப்பது எளிதாயிற்று. 1881 வாக்கில் ஒரு மண்சரிவே அவற்றை முதலில் வெளிக்காட்டியது. அன்றைய ஜம்மு காஷ்மீர் மகாராஜாவின் ஆட்கள் 1882 முதல் 1887 வரை வாரி எடுத்தார்கள். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிலவியலாளர் லா டூஷ் 1887-இல் அங்கு சென்றபோது முதல் சுரங்கம் ஏறக்குறைய வற்றிவிட்டிருந்தது.

கல்லைக் காட்டிய அந்தச் சரிவு இன்னும் ஓய்ந்துவிடவில்லை. சும்சாம் மலைகளின் நீர் பூட் நாலா என்னும் சிற்றாற்றில் இறங்கி, மச்சைல், சோசிதி ஆகிய ஊர்களைக் கடந்து, குலாப்கட் அருகே செனாபில் சேர்கிறது. 2025 ஆகஸ்ட் 14 அன்று அந்த வழியில்தான், மச்சைல் அம்மன் கோயில் யாத்திரைக்காகக் கூடியிருந்தவர்கள் மீது சோசிதியில் வெள்ளம் சேற்றையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்து, அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அவ்வெள்ளத்துக்குச் சுரங்கம் காரணம் என்று நான் சொல்லவில்லை. மேலே தோண்டிக் குவிக்கப்படும் மண்ணுக்கும் கீழே இறங்க அந்த ஒரே வழிதான் உண்டு என்பதையே சொல்கிறேன்.

ஆகவே சுரங்கக் குத்தகைப் பேச்சைத் தொடங்கும் முன், சும்சாம் முதல் குலாப்கட் வரையிலான சரிவுகளையும் ஓடைகளையும் பழைய சுரங்கக் குவியல்களையும் அளந்து வரைபடமாக வெளியிடுங்கள். தோண்டிய மண் எங்கே கொட்டப்படும், கனமழையில் அது எத்திசையில் நகரும் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். அதை உருது, இந்தி மொழிகளில் அச்சிட்டு, சும்சாமிலும் மச்சைலிலும் ஊர்க்கூட்டம் கூட்டி, பாடர் மக்களின் முன் விரித்து வைத்து விளக்குங்கள். எந்த ஓடை எந்த ஆண்டு தடம் மாறியது என்பதை அவர்கள் சொல்லக் கேட்டு வரைபடத்தைத் திருத்திய பிறகே, குத்தகைக் கோப்பு அடுத்த மேசைக்கு நகர வேண்டும் என வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மலைகளின் நிலவியலைப் பயிலும் ஒரு தமிழ் வாசகர்