ஒளிந்திருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களுக்கு

என் இதயத்தைச் சரிசெய்தவர்களுக்கும், அதற்கு முன்பே அதைப் பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் வணக்கம்.

நாற்பதை நெருங்கும் வயதில்தான் எனக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் படபடக்கும். ஆஸ்துமா என்றார்கள், பதற்றம் என்றார்கள். இன்ஹேலரோடு வருடங்கள் ஓடின. மேலறைச் சுவரில் உள்ள ஓட்டை வழியே இடமிருந்து வலமாகக் கசியும் கூடுதல் ரத்தத்தை இதயம் இளமை முழுக்கச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். வலது பக்க அறைகள் விரிந்த பிறகுதான் பலருக்கு உடம்பு சொல்லத் தொடங்குகிறது.

என் பொது மருத்துவருக்கு முதல் நன்றி. "மூச்சை இழுங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இதயத்தின் இரண்டாம் ஒலி மூச்சை இழுக்கும்போது இரண்டாகப் பிரியும், விடும்போது ஒன்றுசேரும். எனக்கு அது சேரவே இல்லை என்று பிறகு விளக்கினீர்கள். வெளியே காத்திருந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும் டாக்டர்.

அப்புறம், எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்த சகோதரி. என் ஓட்டை இருந்தது, உடம்பின் மேல்பகுதி ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை இதயத்துக்குள் நுழையும் மூலையில். மார்பின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் அந்த இடம் எளிதில் பிடிபடாது. ஓட்டை தெரியவில்லை என்று எழுதி முடித்திருக்கலாம். நீங்களோ, வலது அறைகள் பெரிதாக உள்ளன, காரணம் தெரியவில்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரிதான் என்னைத் தொண்டை வழி எக்கோவுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் அனுப்பியது. ஓட்டை மட்டுமல்ல, வலது நுரையீரலின் மேல் பக்கச் சிரை இடது மேலறைக்குப் போகாமல் தவறான இடத்தில் சேர்ந்திருப்பதும் அதில் தெரிந்தது.

தொடை வழியாகக் குழாய் செலுத்தி மூடிவிட முடியாதா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டபோது, அறுவை மருத்துவர் சலித்துக்கொள்ளவே இல்லை. காகிதத்தில் வரைந்து, அந்தச் சிரையின் ரத்தத்தையும் இடது பக்கம் திருப்ப வேண்டும், அதற்கு ஒட்டு வைத்துத் தைப்பதுதான் வழி என்று புரியவைத்தார். பயம் போகவில்லை, ஆனால் சம்மதம் முழு மனதோடு வந்தது.

இதயம் நின்றிருந்த நேரத்தில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கியவரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவரோடு சேர்த்து, அந்த இயந்திரத்தை உருவாக்கிய மருத்துவர் ஜான் கிப்பனுக்கும், கிப்பனோடு ஆய்வுக்கூடத்தில் உழைத்த மனைவி மேரிக்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது. 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் கிப்பன் அந்த இயந்திரத்தின் துணையோடு 18 வயதுப் பெண்ணுக்கு வெற்றிகரமாக அறுவை சிகிச்சை செய்தார். மூடியது மேலறைச் சுவர் ஓட்டையைத்தான். 26 நிமிடங்கள் அந்தப் பெண்ணின் உயிர் முழுக்க இயந்திரத்தின் பொறுப்பில் இருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு வழி அங்கே திறந்தது.

யாரென்றே தெரியாத ரத்தக் கொடையாளர்களே, நன்றி. தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமக் கற்றுக்கொடுத்த ஐ.சி.யு. செவிலியர்களே, வலித்தபோது உங்களிடம் எரிந்து விழுந்தேன். நீங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அக்கா, "இவனுக்குச் சும்மா மூச்சு வாங்கல, இன்னொரு தடவை பாருங்க" என்று ஒவ்வொரு அறையிலும் சொன்னவள் நீதான். நான் சோர்ந்து கிளம்பிய இடங்களில் எல்லாம் நீ நாற்காலியை விட்டு எழவில்லை. உனக்கு என்ன எழுத?

ஒட்டுப் போட்டதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், இதயத் துடிப்பின் ஒழுங்கும் தைத்த இடமும் காலம் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிய பிறவி இதயநோய்ப் பிரிவினருக்கு: அடுத்த பரிசோதனைக்குத் தவறாமல் வருகிறேன். அக்காவும் எக்கோ எடுத்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் இல்லை.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி