வெயில் காயப் போன கதை: வராத தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

"காசு குடுத்து யாராவது வெயிலுக்குப் போவாங்களா? பேசாம மொட்டை மாடிக்குப் போங்கடி" என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டாயே, அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை நான். ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேரிலிருந்து திரும்பி ஒரு வாரமாகிறது. ஜோத்பூர் தாண்டும் வரை நாங்கள் நால்வரும் உன்னை முறைவைத்துத் திட்டினோம். அப்புறம் குளிர் தொடங்கியது, திட்ட வாய் வரவில்லை.

பாலைவனம்தானே என்று பருத்திச் சுடிதாரும் குடையும் எடுத்துப் போனவர்கள் நாங்கள். பள்ளியில் படித்ததில் பாலைத் திணைக்குப் பொழுது வேனில் என்பது மட்டும் மனதில் நின்றிருக்கிறது. பின்பனியும் உண்டு என்று அதே பாடத்தில் இருந்தது, பரீட்சையோடு போய்விட்டது. தை மாதத்தில் அங்கே பகலில் 24 டிகிரி இருந்தால் விடிகாலையில் ஏழோ எட்டோதான். காற்றில் ஈரம் கிடையாது, வானத்தில் மேகம் கிடையாது. மணல் பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பிடித்துவைக்க ஆளில்லாமல், பொழுது சாய்ந்ததும் அத்தனையும் மேலே போய்விடுகிறது. நம்ம ஊர் ராத்திரிப் புழுக்கத்தைத் திட்டுகிறோமே, அந்தப் புழுக்கம்தான் நமக்குப் போர்வை என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

போதாததற்கு, விடியவும் மாட்டேன் என்கிறது. நம் நாட்டுக் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. ஜெய்சல்மேர் இருப்பதோ 71 டிகிரியை ஒட்டி. டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்குப் பார்த்தால் முக்கால் மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். குளிர்காலம் வேறு. சூரியன் தலைகாட்டும்போது மணி சரியாக ஏழரை. "இந்த ஒரு ஏழரைக்காகத்தான்டி மனுஷி காத்துக்கிட்டு இருப்பா" என்றாள், நம் கூட்டத்தில் யார் இப்படிப் பேசுவாள் என்று உனக்கே தெரியும். ஐந்தரைக்கு எழுந்து பழகிய நால்வர், இரண்டு மணி நேரம் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தோம்.

சரி, வெயில் வந்துவிட்டது என்று ஊருக்குள் இறங்கினால், தெருவில் வெயிலே இல்லை!

இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1156-ல் மன்னர் ராவல் ஜெய்சல் அந்த ஊர்க் கோட்டையைத் தொடங்கிய நாளிலிருந்து அங்கே வீடு கட்டியவர்கள் எல்லோரும் வெயிலை எப்படி வெளியே நிறுத்துவது என்றுதான் யோசித்திருக்கிறார்கள். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் ஊர். அதனால் தெருக்கள் குறுகல், இரண்டு பக்கமும் உயரமான மஞ்சள் கல் வீடுகள், மேலே ஜரோக்கா என்கிற கல் உப்பரிகைகள் நீட்டிக்கொண்டு, இருக்கிற கொஞ்ச வானத்தையும் மறைக்கின்றன. பட்வா ஹவேலி என்று 19ஆம் நூற்றாண்டு வணிகக் குடும்பம் ஒன்று ஐந்து மகன்களுக்காகக் கட்டிய ஐந்து மாளிகைகள் இருக்கின்றன. கல்லை மரம்போல இழைத்து ஜன்னல் முழுக்கச் சல்லடையாக்கி வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் பொடிப்பொடியாகத்தான் உள்ளே விழும், காற்று மட்டும் தாராளமாக வரும். மே மாதத்தில் அது சொர்க்கமாக இருக்கும். எங்களுக்குப் பல் கிட்டிவிட்டது.

ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் அத்துபடி. காலையில் ஒரு பக்கத்துத் திண்ணையில் தலைப்பாகைப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மத்தியானம் பார்த்தால் அதே வரிசை எதிர்த் திண்ணைக்கு மாறியிருக்கிறது. வெயில் நகர நகர ஆட்களும் நகர்கிறார்கள். நாங்கள் நடுங்குவதைப் பார்த்து ஒரு தாத்தா "தூப், தூப்" என்று தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். அவர்கள் மொழியில் தூப் என்றால் வெயில். வெயிலில் காய்வது வடகத்துக்கும் வற்றலுக்கும் மட்டும் உரிய காரியம் என்று நாற்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் அந்தச் சூடு ஏற ஏறக் கண் தானாகச் செருகியது.

தங்கியது கோட்டைக்குள் இல்லை, கீழே ஊரில். வேண்டுமென்றேதான். கோட்டைக்குள் இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். அதோடு எங்களைப் போன்றவர்களுக்காக விடுதிகளும் பெருகிவிட்டன. தலையில் குடம் சுமந்து கடீசர் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த காலத்துக்குக் கட்டிய இடம் அது. இப்போது குழாயைத் திறந்தால் தண்ணீர். அந்தத் தண்ணீர் கசிந்து குன்றின் மென்மையான அடிப்பாறைக்குள் இறங்கி, கொத்தளங்கள் சிலவற்றைச் சரித்தே விட்டது. பாலைவனக் கோட்டைக்குத் தண்ணீரால் கேடு என்பதை எங்கே போய்ச் சொல்ல?

சம் மணல்மேட்டுக்கும் போனோம், நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ஒட்டகம் எழும்போது நான் போட்ட சத்தத்தை மற்றவர்கள் உனக்கு ஏற்கெனவே நடித்துக் காட்டியிருப்பார்கள். கூடாரத்தில் ஒரு ராத்திரி. நட்சத்திரம் பார்க்கலாம் என்று ஆசை காட்டி அழைத்துப்போய், தூங்கும் நேரம் வரை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வைத்தார்கள். நீ போனால் அதை விட்டுவிடு.

கேர் சாங்ரி என்று அந்த ஊர்க் கறி ஒன்று, அதை மட்டும் விடாதே. சாங்ரி எந்த மரத்துக் காய் என்று நினைக்கிறாய்? நம் சிவன் கோயில்களில் சுற்றி வந்து கும்பிடுகிறோமே, அதே வன்னி! காய்களை உலர்த்தி வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கச் சமைக்கிறார்கள். மரத்தைக் கும்பிடத் தெரிந்த நமக்கு அதைச் சாப்பிடத் தோன்றவில்லை.

மற்ற நேரமெல்லாம் எங்கே இருந்தோம் என்று கேட்பாய். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. விடுதியின் மொட்டை மாடியில். நான்கு நாற்காலிகள், எதிரே கோட்டை, காலை ஒன்பதிலிருந்து வெயில் இறங்கும் வரை. ஆரஞ்சு உரித்தோம், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டோம், யார் வீட்டில் என்ன பிரச்சினை என்று இருபது வருஷமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னோம். முழங்கால் வலிக்காரி வலியை மறந்தே போனாள். ஐந்தாவதாக ஒரு நாற்காலியும் இருந்தது, அதில் ஈரத் துண்டுகளைக் காயப் போட்டோம்.

ஆக, மொட்டை மாடி விஷயத்தில் நீ சொன்னதே சரி. ஒத்துக்கொள்கிறேன், அவர்களிடம் சொல்லிவிடாதே.

உனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொண்டு போ. இந்த வெயிலில் இதை எங்கே போர்த்த என்று பரணில் தூக்கிப் போடாதே, அடுத்த தைக்கு வேண்டும்.

அன்புடன்,
ஒட்டகத்தின் மேல் அலறியவள்