எலிக்குக் கீழ்ப்பல்லையும் வரைங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் சிறுவர் பக்கத்துல வலையில மாட்டுன புறாக்களை எலி வந்து காப்பாத்துற கதை போட்டிருந்தீங்க, கதை பழசுதான்னாலும் நல்லா இருந்துச்சு, ஆனா படத்துல எலிக்கு மேல மட்டும் ரெண்டு பல்லு, அதுவும் பால் வெள்ளையா துருத்திக்கிட்டு நிக்குது, கீழ்த்தாடையில ஒண்ணையும் காணோம். அந்தப் பல்லை வச்சு வலையை அறுக்கவே முடியாது.

நான் வயரிங் வேலை பாக்குறவன், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல எலி கடிச்ச வயரை நிறைய பார்த்தாச்சு. டார்ச் அடிச்சுப் பாருங்க, ஜோடி ஜோடியா சின்னப் பள்ளம் விழுந்திருக்கும், உள்ள காப்பர் பளபளன்னு தெரியும், கீழ பிவிசி தூளா உதிர்ந்து கிடக்கும். திங்கிறதுக்குக் கடிச்சா தூள் ஏன் கிடக்கப்போகுது? எலிக்கு வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவுல பெரிய இடைவெளி, அதுல ரெண்டு பக்கத் தோலும் உள்ள மடங்கி அடைச்சுக்கும், கொறிக்கிற குப்பை தொண்டைக்குப் போகாது. மேல்பல்லு பிடிமானத்துக்கு, அறுக்கிற வேலை கீழ்ப்பல்லோடது.

கலரும் வெள்ளை இல்ல. பல்லோட வெளிப்பூச்சான எனாமல்ல இரும்பு கலந்திருக்கிறதால வளர்ந்த எலிக்குப் பல்லு மஞ்சளும் ஆரஞ்சுமா இருக்கும். எனாமலும் முன்பக்கம்தான் கெட்டி, பின்பக்கம் சீக்கிரம் தேயும், அதனால எப்பவும் உளி மாதிரி கூராவே இருக்கு. வருஷத்துக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல வளருது சார், மேலும் கீழும் உரசித் தேயலேன்னா வளைஞ்சு சுருண்டு, திங்க முடியாம பட்டினியிலயே செத்துரும். உங்க ஓவியர் வரைஞ்சது முயல் பல்லு, முயல் எலி வகையே கிடையாது. (பிள்ளையார் வாகனம்னு நாம சொல்ற மூஞ்சூறும் அப்படித்தான், அது பூச்சி புழு திங்கிறது, அது தலையிலயும் வயர் பழியைப் போட்டுடறோம்.)

பழைய ஆளுங்க இந்தக் கொறிக்கிற புத்தியை நல்லாப் புரிஞ்சு வச்சிருந்தாங்க. மகாபாரதம் ஸ்திரீ பர்வத்துல விதுரர் திருதராஷ்டிரனுக்கு ஒரு கதை சொல்வாரு, பாழுங்கிணத்துல ஒருத்தன் கொடியில தலைகீழாத் தொங்குறான், கீழ பாம்பு, மேல யானை, மரத்து வேரைக் கறுப்பும் வெள்ளையுமா எலிங்க கொறிச்சுக்கிட்டே இருக்கு, அவனோ சொட்டுற தேனை நக்கிக்கிட்டிருக்கான். எலிங்கதான் ராத்திரியும் பகலும். ஜைனர்கள் இதை மதுபிந்துன்னு, அதாவது தேன்துளின்னு, படமா வரைஞ்சாங்க, கதை கை மாறி கை மாறி ஐரோப்பாவுக்கும் போய், இத்தாலி பார்மா ஊர்ல 1196ல கட்ட ஆரம்பிச்ச ஞானஸ்நான மண்டபத்து வாசல்ல பெனதெத்தோ அந்தேலாமி கல்லுல செதுக்கியிருக்காரு. மரத்து மேல தேன் எடுக்கிறவன், அடியில ரெண்டு மிருகம் வேரைக் கடிக்குது, ரெண்டு பக்கமும் சூரியனும் சந்திரனும் ரதத்துல. போட்டோவுல பார்த்தா அந்த மிருகம் எலி மாதிரியே இல்ல, ஆனா தலையை வேருக்குள்ள நுழைச்சு விடாம கடிக்கிறது அப்படியே வந்திருக்கு, எனக்கு அது போதும்.

அந்த மதுபிந்து படம் ஒண்ணை முழுப் பக்கம் போடுங்க சார், கலர்ல. ஓவியர்கிட்ட கீழ்ப்பல்லு விஷயத்தையும் சொல்லிடுங்க.

இப்படிக்கு,
எலக்ட்ரீசியன் வாசகர் ஒருவர், விருதுநகர்