கலாத்தியா விரிகுடாவில் தூண் இறக்கும் முன், அடியில் இருக்கும் பிளவைப் படியுங்கள்

ஒன்றிய புவி அறிவியல் அமைச்சகத்துக்கும், அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம். கிரேட் நிக்கோபார் தீவின் கலாத்தியா விரிகுடாவில் துறைமுகம் கட்டும் முன், எங்கள் தீவுகளுக்கு அடியில் இருக்கும் நிலப்பிளவை ஆராயுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழன். ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டாலும் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. ஊரைத் தாண்டி சிப்பிகாட் பக்கம் போனால் சாலையோரமாகப் பெரிய நீர்ப்பரப்பு ஒன்று தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதைக் காயல் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். 2004 டிசம்பர் 26 வரை அது நெல் விளைந்த பூமி. அன்று காலை நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியது. கடல் உள்ளே வந்து அங்கேயே தங்கிவிட்டது. கரையோரத் தென்னைகள் உப்புநீரில் நின்றபடியே பட்டுப்போய், கொண்டையில்லாத கட்டைகளாக வெகுகாலம் நின்றன.

அதே காலையில், அதே நிலநடுக்கத்தில், வடக்கு அந்தமானின் மேற்குக் கரை மேலே எழுந்தது. நீருக்குள் இருந்த பவளப்பாறைகள் வெளியே வந்து வெயிலில் வெளுத்துச் செத்தன. தெற்குக் கோடியில் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தைக் கடல் சூழ்ந்துகொண்டது. ஒரே தீவுக்கூட்டத்தில் ஒரு முனை ஏறுகிறது, இன்னொரு முனை இறங்குகிறது. எது ஏறும், எது இறங்கும் என்று முடிவு செய்வது எங்கள் தீவுகளுக்கு அடியில் சரிந்து போகும் அந்த நிலப்பிளவுதான்.

சுனாமி என்றாலே எல்லோரும் அலையைத்தான் பேசுகிறார்கள். மெயின்லேண்டுக்கு அது சரி. சென்னைக்கும் நாகைக்கும் அலை போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2007-ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது பெரிய காரியம், அதற்கு நன்றி. ஆனால் நிக்கோபாரில் பூமி ஆடி ஓய்வதற்கும் கடல் ஏறுவதற்கும் நடுவே சில நிமிடங்கள்தான். எங்களுக்குச் சைரன் வேண்டும். அதற்கு வெகு முன்பே, எந்தக் கரை எவ்வளவு இறங்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியப் புவித்தட்டு எங்களுக்கு மேற்கே கடலடிப் பள்ளத்தில் இறங்கித் தீவுகளுக்கு அடியில் நுழைகிறது. இரண்டு தட்டுகளும் உரசும் அந்தப் பிளவு நகராமல் பூட்டிக்கொண்டு கிடக்கும் காலமெல்லாம் மேலே இருக்கும் விளிம்பு மெல்ல வளைந்துகொண்டே போகும். பூட்டு விடுபடும்போது அந்த வளைவு ஒரேயடியாக நிமிரும். 2004-ல் சுமத்ராவிலிருந்து வடக்கு அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விடுபட்டது.

இந்த அசைவுகளை எழுதி வைத்திருப்பது பவளம். தாழ்நீர் மட்டம் வரைக்கும்தான் அதனால் மேலே வளர முடியும். நிலம் உயர்ந்தால் தலை காய்ந்துவிடும், பக்கவாட்டில் மட்டும் பரவித் தட்டையாகும். நிலம் இறங்கினால் மறுபடியும் மேல்நோக்கிக் கிளம்பும். குறுக்கே அறுத்துப் பார்த்தால் மரத்தைப் போலவே ஆண்டு வளையங்கள் இருக்கும். சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய் தீவுகளில் 1797-லும் 1833-லும் நிலம் எவ்வளவு அசைந்தது என்பதை இப்படித்தான் அளந்தார்கள். தாய்லாந்தின் பிரா தோங் தீவில் சதுப்பைத் தோண்டியபோது கறுப்பு மண்ணுக்கு நடுவே சுனாமிகள் கொண்டுவந்த வெள்ளை மணல் பட்டைகள் கிடைத்தன. மேலே இருந்தது 2004-ன் மணல். அதற்குக் கீழே இருந்தது சுமார் 600 ஆண்டு பழையது. நம் நாட்டிலும் சி.பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் போன்றவர்கள் அந்தமானில் இப்படிப்பட்ட மண் படிவுகளைத் தேடிப் படித்திருக்கிறார்கள். தனி ஆய்வாளர்களின் உழைப்பாக இதை விட்டுவிடாமல், ஒவ்வொரு தீவுக்கும் ஆண்டுதோறும் தொடரும் அரசுப் பணியாக ஆக்குங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

‘இவ்வளவு பெரிய நடுக்கம் பல நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும்’ என்று சொல்லி எங்களை அமைதிப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. இந்தோனேசியாவின் அச்சே கடற்கரைக் குகை ஒன்றில் 2,900 முதல் 7,400 ஆண்டுகள் வரை பழைய, குறைந்தது 11 சுனாமிகளின் மணல் அடுக்குகள் கிடைத்தன. அவற்றில் ஓரிடத்தில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருந்தது, வேறோர் இடத்தில் ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே அடுத்தடுத்து வந்திருந்தன. இதற்குச் சராசரி போட்டு என்ன ஆகப்போகிறது?

அப்புறம், ஆபத்து அந்த ஒரு பெரும் பிளவோடு முடிவதில்லை. எங்கள் கடலுக்கு அடியில் மேற்கு அந்தமான் பிளவு ஓடுகிறது, அதற்குக் கிழக்கே கடற்தரையே விரிந்துகொண்டிருக்கிறது. 1881-ல் கார் நிக்கோபார் பக்கம் பெரிய நடுக்கம் வந்தது. 1941-ல் வந்தது செல்லுலார் சிறையையே சேதப்படுத்தியது. 2009 ஆகஸ்டில் வடக்கு அந்தமானுக்கு அப்பால் 7.5 அளவில் ஒன்று வந்தது. எந்தப் பிளவு எந்தத் தீவுக்கு எவ்வளவு அருகில் போகிறது என்று சாதாரண மனிதர் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு வரைபடம் எங்கள் கையில் இல்லை.

இப்போது கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் துறைமுகமும், தீவில் விமான நிலையமும் நகரியமும் கட்ட 2022-லேயே சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டுவிட்டது. நாலு மீட்டர் அமிழ்ந்த இந்திரா முனை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கப்பல் நிறுத்தும் மேடை நாலு மீட்டர் இறங்கினால் என்ன ஆகும் என்று பொறியாளர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த விரிகுடாவைச் சுற்றிப் பவளமும் சதுப்பும் படிக்கப்பட்டு, அருகில் உள்ள கடலடிப் பிளவுகள் அளக்கப்பட்டு, முடிவுகள் பொதுவில் வைக்கப்படும் வரை ஒரு தூணும் இறங்கக் கூடாது. அங்கே குடியேறப் போகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கும், தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாழும் ஷோம்பென் மக்களுக்கும், கேம்ப்பெல் பேயில் 1969 முதல் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் இது உயிர்ப் பிரச்சினை. அந்தக் குடியேறிகளில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து வந்த எங்கள் மக்களையும் மறந்துவிடாதீர்கள். 2004-ல் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று.

கண்டுபிடிப்பதை ஆங்கில அறிக்கையாக அலமாரியில் வைத்துவிட வேண்டாம். சுமத்ராவுக்கு அருகே சிமெலுவே தீவில் 1907 சுனாமியைப் பற்றிய ‘ஸ்மோங்’ என்ற ஒரே ஒரு சொல் பாட்டாகவும் கதையாகவும் இறங்கி வந்தது. 2004-ல் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். தெரிந்ததை அவரவர் மொழியில் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு படகுத்துறையிலும் பள்ளிக்கூடத்திலும் அந்தத் தீவின் பிளவு வரைபடத்தை இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் நிக்கோபாரியிலும் ஒட்டுங்கள். இந்தக் கரை இறங்கும், இந்த மேட்டுக்கு ஓடு என்று அதில் எழுதியிருக்கட்டும்.

சிப்பிகாட்டில் அமிழ்ந்த வயலின் ஓரத்தில் இன்னும் வீடுகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிலம் அடுத்த முறை எவ்வளவு இறங்கும் என்று அவர்களிடம் சொல்ல உங்களால் எப்போது முடியும்? அந்த ஒரு தேதியையாவது பதிலில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஜங்லிகாட் வாசி ஒருவர்