செல்விக்கு, எடின்பரோவிலிருந்து

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது, திட்டாதே. இங்கே எல்லாரும் நலம். பாக்கியம் அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக அம்மா சொன்னாள். இனி தெருவில் யாரும் ஒளிய முடியாது, உன் மாமியார் உட்பட.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இங்கே ஸ்காட்லாந்தில் ‘மே’ என்ற பெயருள்ள தீவுக்குப் போய்வந்தேன், அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. ஃபோர்த் ஆறு விரிந்து கடலோடு கலக்கிற கழிமுகத்தின் வாயில் இருக்கிற சின்னத் தீவு. பாறை விளிம்பெல்லாம் கிட்டிவேக் என்ற கடற்பறவையின் கூடுகள், புல்தரையெல்லாம் பஃபின் என்ற இன்னொரு கடற்பறவையின் வளைகள். பஃபின் வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும். வாய் நிறைய மீனை வரிசையாகக் கவ்விக்கொண்டு குஞ்சுக்கு ஓடி வருவதைப் பார்த்தால் நீ அழுதிருப்பாய், எதற்குத்தான் நீ அழவில்லை!

அந்த மீன்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. சேண்ட்ஈல் என்று பெயர். நம்மூர் நெத்திலி மாதிரி மெலிசு, கொழுப்புச் சத்து அதிகம், மணலில் புதைந்து வாழும். கழிமுகத்துக்கு வெளியே வீ பேங்கி என்ற மணல்திட்டில் 1990-களில் கப்பல்கள் இதை அள்ளின. 1993-இல் மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். மனுஷன் தின்பதற்கா? இல்லை, மீன்தூளுக்கும் எண்ணெய்க்கும். கிட்டிவேக்கால் ஆழத்தில் முங்க முடியாது. மேல்தண்ணீரில் மீன் இல்லையென்றால் அதற்கு வேறு வழியில்லை. மே தீவு 1956-இலிருந்தே இயற்கைக் காப்பகம். கூட்டை யாரும் தொடவில்லை, செல்வி. பத்திரமான கூட்டில் இருந்துகொண்டே குஞ்சுகள் பட்டினியில் செத்தன.

2000-இல் அந்தப் பகுதியை மூடினார்கள், கிட்டிவேக் குஞ்சுகள் மறுபடி பிழைக்கத் தொடங்கின. 2024 மார்ச்சில் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதும், இங்கிலாந்தின் வடகடல் பகுதியிலும் சேண்ட்ஈல் பிடிக்கத் தடை வந்தது. பிடித்தவர்களில் பெரும்பாலோர் டென்மார்க்காரர்கள், அதனால் ஐரோப்பிய ஒன்றியம் வழக்குப் போட்டது. 2025-இல் ஹேக் நடுவர் மன்றம் ஸ்காட்லாந்தின் தடை செல்லும் என்றது. இங்கிலாந்துத் தடையை முடிவு செய்த விதத்தில் குறை சொன்னது. ஆனாலும் தடை நிற்கிறது.

எத்தனை நாளைக்கு? அடுத்த மீன்பிடிப் பேரத்தில் இதையும் தூக்கி மேசையில் வைத்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். கடல் வேறு சூடாகிக்கொண்டே போகிறது, சேண்ட்ஈலுக்கு அது ஆகாது. எந்தத் தடையாலும் சூட்டைக் குறைக்க முடியாது. அதனாலேயே மிச்சமிருக்கும் மீனையாவது பறவைக்கு விட்டுவிட வேண்டும் என்கிறேன்.

படகுக்காரர் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் தடைக்காலத்தில் உன் அண்ணன் வட்டிக்கு வாங்கி வீட்டை ஓட்டியதை நான் மறக்கவில்லை. தடை போடுகிற அரசு படகுக்காரன் வீட்டு அடுப்பையும் பார்க்க வேண்டும். அண்ணனிடம் ஒன்று கேட்டு எழுது: உங்கள் துறையில் கோழித்தீவனத்துக்குப் போகும் பொடிமீன் இப்போது எவ்வளவு? ஆலாப் பறவைக் கூட்டம் முன்னைப்போல வருகிறதா?

அப்புறம், அடுத்த வருஷமாவது வருவதானால் ஜூனில் வா. ஆகஸ்டில் பஃபினெல்லாம் கடலுக்குப் போய்விடும், நீ வந்து வெறும் பாறையைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவாய்.

அன்புடன்,
மங்கை